மனநோயும் கிராமத்தின் கடமையும்

ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அவ்வீட்டார் அதை மறைப்பதில்லை. அண்டை வீட்டார் வந்து விசாரிக்கின்றனர். கஞ்சி வைத்துக் கொடுக்கின்றனர். வண்டி வேண்டுமாயின் ஏற்பாடு செய்கின்றனர். அதே வீட்டில் ஒருவர் இரவெல்லாம் உறங்காது தமக்குத்தாமே பேசத் தொடங்கினால், அல்லது வாரக்கணக்கில் எழுந்திராமல் சுவரைப் பார்த்துக் கிடந்தால், கதவு சாத்தப்படுகிறது. பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்ற அச்சம் ஒருபுறம். ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் மற்றொருபுறம். இதன் விளைவாக, மருத்துவமனை செய்ய வேண்டிய வேலையைச் சில ஊர்களில் பின்கட்டு அறையும், மாட்டுக் கொட்டகையும், சங்கிலியும் செய்துவருகின்றன. இவ்வாறு அடைபட்டுக் கிடப்போரில் பெரும்பாலோர் வைத்தியம் பெற்றால் எழுந்து நடமாடக் கூடியவர்கள் என்பதுதான் இதில் வருந்தத்தக்க செய்தி.

மனநோய் ஒரே நோயன்று. மனச்சோர்வு கண்டவர் பசி, உறக்கம், வேலையில் நாட்டம் யாவற்றையும் இழந்து, தாம் பிறருக்குச் சுமை என்று எண்ணத் தொடங்குகிறார். மனச்சிதைவு நோய் கண்டவருக்கு யாரும் பேசாத குரல்கள் காதில் விழுகின்றன. தம்மை ஒருவர் கொல்ல வருவதாக ஐயம் எழுகிறது. வேறு சிலர் சில காலம் அளவு கடந்த உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறி மாறி உழல்வர். பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் திடீரென்று நிலைகுலைவதும் உண்டு. இது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை. குடிக்கு அடிமையாதலும், முதுமையில் நினைவு தேய்தலும் இவ்வகையிலேயே கவனிக்கப்படுகின்றன. காக்கை வலிப்பை மனநோய் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது மூளை நரம்பு பற்றிய நோய். அதற்கும் நல்ல மருந்துகள் உண்டு.

இவை ஏன் வருகின்றன? மூளையின் இயக்கத்தில் நேரும் மாறுதல், பரம்பரை, இளமையில் பட்ட துன்பம், கடன், இழப்பு, குடி என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. நோயாளியின் ஒழுக்கக் கேடோ, பெற்றோர் செய்த பாவமோ இதற்குக் காரணமன்று. 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களுள் உரிய சிகிச்சை பெறாதோர், நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். 2,000 வயது வந்தோர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் இக்கணக்கு ஏறத்தாழ 200 பேரைக் குறிக்கும். அவர்களுள் கடும் நோயாளிகள் சிலரே. ஆயினும் அந்தச் சிலரின் பெயர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எந்த மருத்துவரிடம் செல்லலாம் என்பது தெரிந்தோர்தாம் குறைவு.

திருச்சி மாவட்டம் பெற்ற முதலிடம்

இவ்விஷயத்தில் திருச்சி மாவட்டத்து மக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு சிறப்பு உண்டு. அதன் அருமை விளங்க, முந்திய நிலையைச் சற்று நோக்குவோம்.

சென்னையில் 1794ஆம் ஆண்டில் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் 16 பேருக்கு இடமுள்ள ஒரு வீட்டில் மனநோயாளரை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். அவ்வழி வந்த அரசு மருத்துவமனை 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. தமிழ்நாடு முழுமைக்கும் மனநோய்க்கென்றே அமைந்த பெரிய அரசு மருத்துவமனை நெடுங்காலம் இது ஒன்றே. முசிறியிலோ துறையூரிலோ உள்ள ஒரு விவசாயி தம் மகனை அங்குக் கொண்டு சேர்க்க வேண்டுமாயின், 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். சேர்த்தபின் அடிக்கடி சென்று பார்க்கக் கூலியை விட வேண்டும், பணமும் வேண்டும். சென்று பார்ப்பது குறையக் குறைய, மகன் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. 1912ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியைக் காவலில் வைப்பதைப் பற்றியே பெரிதும் பேசிற்று; 1993 வரை அதுவே நடைமுறையில் இருந்தது.

1961இல் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், நோயாளியின் இடம் குடும்பமே என்ற நோக்குடன் பணியாற்றியவர். 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் திறந்த மனநல நிலையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கும் முறை கொண்டுவரப்பட்டது. அதற்கும் முன்னரே அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, குடும்பத்தாரை உடன் தங்க வைத்திருந்தார். மேல்நாடுகளில் உறவினரை வாயிலிலேயே நிறுத்திவந்த காலம் அது. நம் நாட்டு மருத்துவர்கள் உறவினரை உள்ளே அழைத்தனர் என்பது பெருமைக்குரியது.

1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தார் 1985 முதல் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முயற்சி செய்து பார்த்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சியளித்தால், மனநோய் வைத்தியத்தின் பெரும்பகுதியை அவர்களே செய்ய இயலும் என்பது அங்குக் கண்கூடாயிற்று. அதன் பயனாக 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. நாட்டில் முதன்முதலாக அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்கள் நான்கு: அஸ்ஸாமில் நகாவ்ன், ராஜஸ்தானில் ஜெய்ப்பூர், அந்நாளைய ஆந்திரத்தில் மேடக், தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி.

இத்திட்டத்தின் சாரம் எளியது. மாவட்டத் தலைநகரில் ஒரு குழு. குறித்த நாட்களில் அக்குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் செல்லுதல். மருந்துகளை இலவசமாக அளித்தல். உள்ளூர் மருத்துவர்களைப் பழக்குதல். கடும் நிலையில் உள்ளோரைத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். அது கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. நான்கு மாவட்டங்களில் தொடங்கிய இத்திட்டம் இன்று தமிழ்நாடெங்கும் பரவியுள்ளது. அண்டையிலுள்ள புதுக்கோட்டைச் சீமையில் வேறொரு வழியும் கையாளப்பட்டது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010இல் ஒரு பேருந்தையே மருத்துவமனையாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பேருந்தில் அமர்ந்திருப்பார். சென்னையிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார். மருந்து அங்கேயே கொடுக்கப்படும்.

உதவும் தொழிலாளர் யார், யார்?

‘மனநல வைத்தியம்’ என்றவுடன் ஒரு மருத்துவரும் ஒரு மாத்திரையும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இது பலர் கூடிச் செய்யும் பணி. இது நமக்குப் புதிதன்று. ஸ்ரீரங்கத்துக் கோயிலில் ஓய்சளர் காலத்தில் அமைந்து பின்னர் சிதைந்துபோன ஆரோக்கிய சாலையைக் கருடவாகன பட்டர் என்பார் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டோ, 15 படுக்கைகள் கொண்ட கோயில் மருத்துவமனையின் ஊழியர் அனைவரையும் கணக்கிட்டுச் சொல்கிறது: வைத்தியர் ஒருவர், அறுவை வைத்தியர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் சுமப்பவர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளது. தண்ணீர் சுமப்பவரையும் மறவாத அந்தக் கணக்குப்பிள்ளையை நாம் மெச்சாமல் இருக்க இயலாது.

இன்றைய குழுவில் முதல்வர் மனநல மருத்துவர். இவர் பொது மருத்துவம் கற்றுப் பின் மனநோய் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு முடித்தவர். நோயை இனங்கண்டு மருந்தெழுதும் உரிமை மருத்துவருக்கே உரியது. அடுத்தவர் மருத்துவ உளவியலாளர். இவர் மருந்து தருவதில்லை. சோதனைகள் வாயிலாக மனத்தின் போக்கை அறிந்து, முறையான உரையாடலால் அச்சத்தையும் தவறான எண்ணப் பழக்கத்தையும் மாற்ற முயல்கிறார். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் இவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பேச்சால் குணப்படுத்துவேன் என்று பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிப்போர் பெருகியுள்ள இந்நாளில் அவ்வாறு கேட்பதே நன்று. செவிலியர் ஊசி போடுகிறார். கை நடுக்கம், மிகுந்த தூக்கம், உடல் பருத்தல் போன்ற மருந்தின் பின்விளைவுகளை முதலில் கண்டறிபவரும் பெரும்பாலும் அவரே.

சமூகப் பணியாளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கிராமத்தார் இவரைப் பெரும்பாலும் ‘மனு எழுத வந்தவர்’ என்றே எண்ணிவிடுகின்றனர். சமூகப் பணி தனிக் கல்வியாக நம் நாட்டில் 1936இல் பம்பாயில் தொடங்கிற்று. சென்னையில் 1952 முதல் கற்பிக்கப்படுகிறது. திருச்சியிலும் பாரதிதாசன் பல்கலைக்கழகம், பிஷப் ஹீபர் கல்லூரி ஆகிய இடங்களில் இதற்கெனத் துறைகள் உள்ளன. மனநலக் குழுவிலுள்ள சமூகப் பணியாளரின் வேலை மருத்துவர் சீட்டெழுதி முடித்த இடத்தில் தொடங்குகிறது. இவர் வீட்டிற்குச் செல்கிறார். அங்குச் சமைப்பவர் யார், சம்பாதிப்பவர் யார், மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் யார் என்று விசாரிக்கிறார். வட்டிக் கடன் உள்ளதா, அண்ணன் தம்பி பாகப் பிரிவினைச் சண்டை உள்ளதா, மனைவி தாய்வீடு சென்றுவிட்டாரா என்பதெல்லாம் இவர் குறிப்பேட்டில் ஏறுகின்றன.

இது வீண் விசாரணை என்று சிலர் முணுமுணுக்கலாம். ஆனால் ஓயாமல் குறைகூறும் வீட்டிற்குத் திரும்பிய நோயாளிக்கு நோய் மீண்டும் வருதல் மிகுதி என்பதை 1960களில் லண்டனில் தொடங்கிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘தின்று தின்று தூங்குகிறான்’ என்று தந்தை நாள்தோறும் ஏசினால், மாத்திரையின் பலனில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. அத்தூக்கம் மருந்தாலும் நோயாலும் வருவது, சோம்பலன்று என்று தந்தைக்கு விளக்குபவர் சமூகப் பணியாளர். பின்பு, குணமடைந்து வருபவரைச் சிறிது சிறிதாக வேலைக்குத் திருப்புகிறார். முதலில் கொல்லையில் பூப்பறித்தல், அடுத்துச் சரம் தொடுத்தல், பிறகு வாழைத் தோட்டத்தில் அரைநாள் வேலை. ஆறு மாதம் கழித்து அவர் முழுக் கூலியுடன் வீடு திரும்பும் நாளில், அவரைப் ‘பைத்தியம்’ என்று அழைத்து வந்த வாய்கள் தாமே அடங்குகின்றன.

குணசீலமும் ஏர்வாடியும்

மனநோயாளரைக் கோயிலுக்கும் தர்காவிற்கும் கொண்டு செல்லும் வழக்கத்தை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. திருச்சியிலிருந்து முசிறி செல்லும் சாலையில், காவிரியின் வடகரையிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் இதற்குப் பெயர்பெற்றது. நோயாளியும் உறவினரும் அங்கு 48 நாள் தங்குவர். ஆற்றில் நீராடி வழிபடுவர். உச்சிக்காலத்திலும் அர்த்த சாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படும். இதில் நன்மை ஏதும் உண்டா என்று கேட்பவர்க்கு ஒரு சான்று காட்டலாம். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் நிறுவனத்து மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். நோயின் குறிகள் சராசரியாக ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்திருந்தன. அங்கு நிலவிய பரிவும் அச்சமற்ற சூழலும் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஆராயப்பட்டோர் தொகை சிறிது. ஆகையால் இதை வைத்து மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டலாகாது. எனினும், உறவினர் உடனிருத்தல், நேரத்திற்கு உணவும் உறக்கமும், யாரும் ஏசாதிருத்தல் ஆகியவை பாகாயத்து மருத்துவமனையும் விரும்பிய விஷயங்களே என்பதை நோக்க வேண்டும்.

வழிபாடு மருந்தை விலக்கி, சங்கிலியைக் கைக்கொள்ளும்போதுதான் கேடு நேர்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நாடெங்கும் இத்தகைய இடங்கள் சோதனைக்குள்ளாயின. பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே, துவாவுடன் மருந்தும் கிடைக்கும் வகையில் அரசு மனநல மருத்துவ வசதி ஏற்படுத்தப்பட்டது. குணசீலத்திலும் கோயிலைச் சார்ந்து அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் அமைந்து, மனநல மருத்துவரின் கவனிப்பும் சேர்ந்தது. நேர்த்திக்கடன் உள்ளவர் அதைச் செலுத்தட்டும். மாத்திரைப் பொட்டலமும் மடியில் இருக்கட்டும்.

இன்று சட்டமும் தெளிவாக உள்ளது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று அது விதிக்கிறது. அரசு மனநலச் சேவையைப் பெறுதல் ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கும் வீடற்றோர்க்கும் அது இலவசம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் அளிப்பது அரசின் கடமை. போலீசுக்கு அஞ்சி அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் மறைக்கும் பழக்கம் இனி வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கம் போன்ற யாத்திரைத் தலங்களுக்குரிய ஒரு தொல்லையையும் இங்கே குறிக்க வேண்டும். கோபுர வாயில்களிலும் அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் வழிதவறி வந்த மனநோயாளர் சிலர் திரிவதைக் காண்கிறோம். திருவிழாக் கூட்டத்தில் உறவினரே விட்டுச் சென்றவர்களும் அவர்களுள் இருக்கக் கூடும். அன்னதானத்தில் ஒரு பொட்டலம் கொடுப்பதோடு நம் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். இத்தகையோரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு செல்லுதல் காவல் நிலையத்தின் சட்டப்படியான பொறுப்பு. அவர்களைச் சிறைக் கொட்டடியில் அடைத்தல் கூடாது. அந்தநல்லூர் வட்டாரத்துக் கிராமங்களிலும் இப்படி ஒருவர் பேருந்து நிழற்குடையில் தங்கியிருப்பாராயின், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் காவல் நிலையத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தலே போதும்.

கடைமடைக்கு நீர் சேர்வது போல

மேட்டூரில் நீர் திறந்தவுடன் கடைமடைக்காரர் நாற்று விட்டுவிடுவதில்லை. வாய்க்கால் தூர் எடுத்திருக்கிறதா, நடுவில் யார் மடையை அடைத்தார் என்று பார்த்தே நம்புகின்றனர். மனநல மருந்தும் அப்படியே. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மனச்சிதைவுக்கான மருந்தைக் குணம் தெரிந்த பின்னரும் நெடுநாள் உட்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் பலனில்லை என்று நிறுத்துவோரும், நலமாகிவிட்டது என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்துவோரும் மிகப் பலர். மாத்திரையை மறுப்பவர்க்கு இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. ஆனால் அந்தத் தேதியில் பேருந்துக் கட்டணம் இல்லை, உடன் செல்ல ஆளில்லை, அன்று நடவு என்று ஏதேனும் ஒன்று குறுக்கிட்டால் சங்கிலித் தொடர் அறுகிறது. ஊரில் மூவர் நால்வர் மருந்து வாங்க வேண்டியிருப்பின், ஒருவரே பொறுப்பேற்று அழைத்துச் செல்லலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதை எளிதில் செய்ய வல்லவர்.

மனநோயும் ஊனங்களுள் ஒன்றாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. நாட்பட்ட நோயால் 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பு உள்ளவர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற்று அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு உதவும்போது ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கிராம சபையில் நோயாளிகளின் பெயரை வாசிப்பது கூடவே கூடாது. நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்படுதல் நோயாளியின் சட்ட உரிமை. இரகசியம் காக்கத் தெரியாத ஊரில் எந்தத் தாயும் தன் மகளின் நோயை வெளியிட மாட்டார்.

பூச்சிமருந்து பற்றியும் விவசாயிகளிடம் சொல்ல வேண்டியுள்ளது. மன வேதனை உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாத இடத்தில் இருக்குமாயின் உயிர் தப்புகிறது. தப்பியவர் பலர் பின்னர் நெடுநாள் வாழ்கின்றனர். இலங்கையில் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததன் பயன் பெரிது. 1995க்குப் பின் வந்த 20 ஆண்டுகளில் அங்குத் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சில கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்றே பொதுக் கிடங்கு அமைத்துப் பார்த்தனர். ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள ஒரு பெட்டி. வேண்டிய நாளில் எடுத்துத் தெளித்து, மீதியை அங்கேயே வைத்துவிட வேண்டும். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டனர். பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகளும் அவ்வூர்களில் குறைந்தன என்று 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பொதுக் கட்டடத்தில் ஓர் அறையும் சில பூட்டுகளும் உள்ள எந்தப் பஞ்சாயத்தும் இதை எண்ணிப் பார்க்கலாம். அதுவரை, வீட்டில் படுக்கையறைப் பரணில் டப்பாவை வைப்பதையேனும் நிறுத்துவோம்.

மனநலக் குழு எந்தக் கிழமையில் எந்த மருத்துவமனைக்கு வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைக்கலாம். நள்ளிரவில் துன்பம் மிகுந்தால் 14416 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் இச்சேவை நடைபெறுகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாது திண்ணையில் அமர்ந்திருக்கும் தகப்பனாரும் பேசலாம்.